மேலே ஏறுவதா, வெளியே பரவுவதா? மேடவாக்கம் பக்கத்து ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ் சண்டை

11 ஆகஸ்ட் 2024 (மேடவாக்கம் வாசகர் கேட்டது)

சென்னையின் தென் புறநகரான மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் தனி வீடுகளை ஒவ்வொன்றாக இடிக்கிறார்கள். இரண்டு கிரவுண்டில் ஒரே குடும்பம் இருந்த இடத்தில் பத்து ஃபிளாட் வருகிறது. தெரு அதே முப்பது அடி. தண்ணீருக்கு அதே லாரி. எஃப்எஸ்ஐயை (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை) ஏற்றிவிட்டார்களே, எல்லாக் கேடுகளுக்கும் அதுதான் மூலம். நெருக்கமாகக் கட்டினால்தான் ஊர் உருப்படும் என்று எழுதுகிற மேதாவிகள் யாராவது வந்து பதில் சொல்லட்டும். புறநகரைப் புறநகராக விட்டால் என்ன குறைந்துவிடும்?

11 ஆகஸ்ட், இரவு

மேதாவி என்று கூப்பிட்டதால் வந்துவிட்டேன். நான் இருப்பது கோவிலம்பாக்கத்தில், நீங்கள் திட்டுகிற அதே ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ் (கார் நிற்கத் தூண்கள் மட்டும் உள்ள தரைத்தளம், அதன் மேல் ஐந்து மாடி) கட்டடத்தில், மூன்றாம் மாடி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குச் சொந்த வழக்கு உண்டு.

கணக்கைப் பார்ப்போம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அடுக்குமாடி கோபுரம் அல்லாத சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐயை ஒன்றரையிலிருந்து இரண்டாக்கின. உயரம் 18.30 மீட்டர் வரை. இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி மனை. முன்பு அதில் 7,200 சதுர அடி கட்டலாம், இப்போது 9,600. தெரு 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அரசுக்குப் பணம் கட்டி மேலும் 30 சதவீதம் வாங்கலாம், அப்போது 12,480. பத்து ஃபிளாட் வந்ததில் விதிக்குப் பங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய விதியிலேயே அங்கே ஏழு ஃபிளாட் வந்திருக்கும், தெரு அதே முப்பது அடியாகத்தான் இருந்திருக்கும், லாரியும் வந்திருக்கும்.

மேலே ஏறவில்லை என்றால் அந்தப் பத்துக் குடும்பமும் எங்கே போகும்? மாம்பாக்கம், காயார், திருப்போரூர், இந்தப் பக்கம் கூடுவாஞ்சேரிக்கு அப்பால். ஏரிக்கரை வயலில் கல் நட்டு, கொடி கட்டி, "பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிடம்" என்று விற்பார்கள். அப்படி அனுமதியே இல்லாமல் விற்ற மனைகள் எவ்வளவு பெருகிவிட்டன என்றால், 2016-ல் உயர் நீதிமன்றம் பத்திரப் பதிவையே நிறுத்தி வைத்தது, அடுத்த ஆண்டு அரசு அவற்றை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு துண்டுகூட உள்ளே வந்துவிட்டது. நீங்கள் சொல்கிற புறநகர் அங்கே போய்விட்டது, மேடவாக்கத்தில் இல்லை.

12 ஆகஸ்ட்

"அப்போது மாடி கட்டுவது சரி என்கிறீர்களா" என்று நன்மங்கலம் அண்ணன் கேட்கிறார். இல்லை அண்ணே. மாடி எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே சண்டை போடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். அஞ்சாவது மாடியை விட்டுவிட்டுத் தரைத்தளத்தைப் பாருங்கள். மீதியை வார இறுதியில் எழுதுகிறேன், ஆபீஸ் இருக்கிறது.

17 ஆகஸ்ட்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவை: கார்கள், ஜெனரேட்டர், மீட்டர் பெட்டிகள், வாட்ச்மேன் நாற்காலி. பக்கத்துக் கட்டடத்திலும் அதே. அதற்கு அடுத்ததிலும். தெரு முழுக்கக் கம்பிக் கேட்டும் கார் மூக்கும்தான். தெருவில் இத்தனை குடும்பம் இருக்கிறது, ஒரு பெட்டிக்கடை கிடையாது. பால் பாக்கெட்டுக்கும் தலைவலி மாத்திரைக்கும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலைக்குப் போக வேண்டும். இருநூறு அடிச் சாலை அது, கடப்பதற்குள் தலைவலி தானே போய்விடும் அல்லது ஆளே போய்விடுவார். அதனால் அரை கிலோமீட்டருக்கு பைக்கை எடுக்கிறோம். பிறகு தெருவில் வண்டி அதிகம் என்று நாமே புலம்புகிறோம்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் இதைவிட நெருக்கம். மேற்கு மாம்பலத்தில் சந்துகள் இதைவிடக் குறுகல். அங்கே யாரும் உப்பு வாங்க வண்டி எடுப்பதில்லை, கீழே கடை, மேலே வீடு. நெருக்கம் என்று நாம் பயப்படுவது அங்கே எப்போதோ வந்துவிட்டது, கூடவே கடையும் வந்தது. இங்கே பாதிதான் வந்திருக்கிறது.

சட்டம் தடுக்கிறதா என்றால், பெரிதாக இல்லை. 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்திலேயே முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று வகை பிரித்து, கலப்பில் கடைக்கும் ஆபீசுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். தடுப்பது கார்தான். ஃபிளாட்டுகளுக்குக் கார் நிறுத்தம் காட்ட வேண்டும், இரண்டு கிரவுண்டில் அதற்கு இருக்கிற ஒரே இடம் தரைத்தளம். ஸ்டில்ட் என்பதைக் கட்டட நுட்பம் மாதிரிப் பேசுகிறோம், நடைமுறையில் தெருவோரக் கடைகள் இருக்க வேண்டிய இடத்தைக் காருக்கு எழுதிக் கொடுக்கிற ஏற்பாடு அது. பில்டருக்கும் அதுதான் வசதி. கடை விற்பது தலைவலி, ஃபிளாட் வாங்க வருகிற மாமா மாமிக்குக் "கீழே கமர்ஷியல்" என்றாலே முகம் சுருங்கிவிடும்.

17 ஆகஸ்ட், சிறிது நேரம் கழித்து

"உங்கள் வீட்டுக்குக் கீழே புரோட்டாக் கடை வரட்டும், அப்போது தெரியும்" என்று எழுதியவருக்கு: தெரியும். கல்யாணத்துக்கு முன் மேற்கு மாம்பலத்தில் மாவு மில்லுக்கு மேலே குடியிருந்தேன். காலை எட்டு மணிக்கு மில் ஓட ஆரம்பித்தால் அலமாரியில் டம்ளர்கள் பேசும். மிளகாய் அரைக்கிற நாளில் வீடே தும்மும். வாடகை குறைவு, ரயில் நிலையம் நடை தூரம், அதனால் இருந்தேன். இன்றைக்கு அங்கே போவேனா? மாட்டேன். என் அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. கீழே கடை வேண்டும் என்று நான் சொல்லும்போது என் மனதில் இருப்பது மருந்துக்கடை, காய்கறிக்கடை, தையற்கடை. எல்லோருக்கும் அந்த மாதிரிப் பட்டியல் ஒன்று இருக்கும், புரோட்டா எல்லோர் பட்டியலிலும் பக்கத்துத் தெருவில் இருக்கும்.

25 ஆகஸ்ட்

நெருக்கம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்று யாரோ ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, ஒருநாள் பெரும்பாக்கம் போய்வாருங்கள்.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காகக் குடிசை மாற்று வாரியம் கட்டிய எட்டு மாடிக் கட்டடங்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன, இருபதாயிரம் வீடுகளை ஒட்டி இருக்கும். அதற்கு முன்பே, 2000 வாக்கில் தொடங்கிய கண்ணகி நகர். அங்கே 15 ஆயிரத்துக்கும் மேல். எஃப்எஸ்ஐ பேசுகிற நமக்கு நெருக்கம் என்றால் என்னவென்று அந்த மக்கள் பாடம் எடுக்கலாம். குறைந்தது என்ன? வேலை. மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் வீட்டு வேலை, மீன் வியாபாரம், மேளம், பெயின்ட் என்று நடந்துபோய்ச் சம்பாதித்தவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்கள். காலை பஸ் பிடித்துப் பழைய இடத்துக்கே வேலைக்குப் போன பெண்கள் ஏராளம். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும் என்பதால் வேலையை விட்டவர்களும் உண்டு.

எங்கள் வீட்டில் சமையலுக்கு வருகிற அக்கா அங்கிருந்துதான் வருகிறார். லிஃப்ட் நின்ற நாளில் ஏழாம் மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறி இறங்குவதை அவர் சொல்லக் கேட்டால், "உயரமாகக் கட்டுவதே தீர்வு" என்று எழுதக் கை வராது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. கடைக்கென்று ஒதுக்கிய இடம் போதாததால், தரைத்தள வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகவே இட்லி, மாவு, சோப்பு விற்க ஆரம்பித்துவிட்டார்களாம். யாரும் திட்டம் போடவில்லை, மக்களே கலப்பாக்கிவிட்டார்கள். அதிகாரிகள் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்களாம்.

இன்னொரு விசித்திரம்: 2024-லும் பெரும்பாக்கம் ஊராட்சிதான். மேடவாக்கமும் ஊராட்சி, கோவிலம்பாக்கமும் ஊராட்சி. செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்கள் நாம்! கிராமசபை கூடுகிற ஊரில் எட்டு மாடி. பாதாளச் சாக்கடை எங்கே என்று கேட்டால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகும்.

26 ஆகஸ்ட்

சிங்கப்பூர் நண்பருக்கு. நீங்கள் சொல்வது சரிதான், அங்கே அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களில் தரைத்தளம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலி இடத்தில் கார் நிற்பதில்லையே. கல்யாணம் நடக்கிறது, சாவு வீட்டுச் சடங்கு நடக்கிறது, தாத்தாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காருக்குத் தனியாக அடுக்குக் கட்டடம். சாப்பாட்டுக் கடைகளும் சந்தையும் நடந்துபோகிற தூரத்தில் முன்கூட்டியே போடப்பட்டவை. 1966-ல் நிலம் எடுக்கும் சட்டம் கொண்டுவந்து, நிலத்தை அரசே கையில் வைத்துக்கொண்டு செய்தார்கள், கார் வாங்கும் உரிமைச் சீட்டுக்கே ஏலம் விடுகிற ஊர் அது. நம்மிடம் இருப்பது இரண்டு கிரவுண்டு, ஒரு பில்டர், மனைக்காரரும் பில்டரும் பாதிக்குப் பாதி பங்கு போடுகிற ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தம். சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறவர்கள் அதன் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

2 செப்டம்பர்

இத்தனை ஃபிளாட் வந்தும் பூங்கா ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள், இதுதான் என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற விஷயம். விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை என்றால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாகக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகக் கொடுக்கலாம் அல்லது நிலத்துக்கு அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டலாம். 3,000-க்குக் கீழே ஒன்றும் இல்லை. மூவாயிரம் சதுர மீட்டர் என்பது பதின்மூன்று கிரவுண்டுக்கு மேல். உங்கள் தெருவில் இரண்டிரண்டு கிரவுண்டாக இருபது வீடுகள் இடிந்து, இருநூறு குடும்பம் குடிவந்தாலும், ஒரு ஊஞ்சல் போடுகிற இடம்கூடச் சட்டப்படி வராது. அதே நாற்பது கிரவுண்டை ஒரே பில்டர் ஒரே வளாகமாகக் கட்டினால் இடமோ பணமோ கொடுத்தே ஆக வேண்டும்.

அதனால் பெரிய வளாகம்தான் நல்லது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நாவலூர், படூர், தாழம்பூர்ப் பக்கம் இருக்கிற பெரிய வளாகங்களைப் பாருங்கள். உள்ளே நீச்சல் குளம், பூங்கா, சூப்பர் மார்க்கெட், கோயில்கூட. வெளியே தெரு என்பது மதில் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு ஓடை. உள்ளேயிருந்து கேட்டுக்கு வரவே வண்டி வேண்டும். ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) எதிர்ப்பக்கம் போக யூ-டர்னைத் தேடிப் போய்வர வேண்டும். அதை ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தங்கை அப்படி ஒன்றில்தான் இருக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், இதைப் படித்தால் போன் வரும்.

3 செப்டம்பர்

வந்துவிட்டது. "உன் தெருவில் குழந்தை சைக்கிள் ஓட்ட முடியுமா?" முடியாது.

6 அக்டோபர்

ஒரு மாதமாக இழை தூங்கிவிட்டது. மெட்ரோ செய்தி வந்ததால் மறுபடி எழுப்புகிறேன். இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது, 63,246 கோடி, 118.9 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து ஓஎம்ஆர் வழியாக சிறுசேரிக்கு ஒரு தடம். இன்னொன்று மாதவரத்தில் புறப்பட்டு ஊரைச் சுற்றி கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர். கேள்வி கேட்டவருக்கும் பதில் சொல்பவனுக்கும் வாசலிலேயே ரயில்.

மெட்ரோ நிலையத்தைச் சுற்றி நெருக்கமாகக் கட்டினால்தான் அதற்குக் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் வண்டி அடிக்கடி ஓடும். இதை மறுக்க முடியாது. ஆனால் பறக்கும் ரயிலை மறந்துவிடக்கூடாது. நிலையங்கள் எல்லாம் அரண்மனை மாதிரி, மேல்மாடிகளில் கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று கட்டி, பல தளங்கள் வெறிச்சென்று கிடந்தன. 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மீதி 5 கிலோமீட்டரை 2008-ல் ஆரம்பித்தார்கள். 2024 அக்டோபரில் நான் இதை எழுதும்போதும் அதில் ரயில் ஓடவில்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்துவிட்டு, பக்கத்திலேயே போகிற ரயில் பாதையில் நிலையத்தைப் பிறகு கட்டுகிறோம். வீடு முதலில், வண்டி அப்புறம் என்பதே நம் வரிசை. அந்த இடைவெளியில் எல்லோரும் கார் வாங்கிவிடுகிறார்கள், கார் வாங்கியவருக்கு ஸ்டில்ட் வேண்டும், ஸ்டில்ட் வந்தால் கடை போச்சு.

7 அக்டோபர்

நேற்று எழுதிய பிறகு யோசித்தேன். மெட்ரோ வந்தால் வாசலில் ரயில் என்று குதிப்பது சொந்த வீட்டுக்காரன் நான். எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். தூண் எழும்பத் தொடங்கியதுமே இரண்டு வீட்டில் வாடகையை ஏற்றிவிட்டார்கள், ரயில் வரும்போது அவர்கள் எங்கே இருப்பார்களோ. ரயிலில் போக வேண்டியவர்கள் யாரோ அவர்கள்தான் முதலில் நகர்ந்து போவார்கள். இதற்கு என்னிடம் விடை இல்லை. சின்ன ஃபிளாட்டுகள் நிறையக் கட்டினால் கொஞ்சம் தாங்கலாம், ஆனால் சின்னதாகக் கட்ட நம் பில்டர்களுக்குப் பிடிப்பதில்லை, மூன்று பெட்ரூமில்தான் அவர்களுக்கு லாபம்.

15 அக்டோபர்

வேளச்சேரி மேம்பாலம் பார்த்தீர்களா? மழை வருகிறது என்றதும் இரண்டு பக்கமும் காரை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். மிக்ஜாம் புயலில் பட்ட சூடு. 2023 டிசம்பரில் ஸ்டில்ட்டில் நின்ற கார்கள்தான் முதலில் முழுகின. தரைத்தளத்தைக் காருக்குக் கொடுத்தோம், காரை மேம்பாலத்துக்குக் கொடுத்தோம்.

மேடவாக்கம் வாசகர் இந்த வெள்ளத்தையும் எஃப்எஸ்ஐ தலையில் கட்டியிருக்கிறார். இங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். வேளச்சேரியில் முழுகிய ஏஜிஎஸ் காலனி, ராம் நகர் எல்லாம் கோபுரங்கள் நிற்கிற இடமா? தனி வீடும் சின்ன ஃபிளாட்டும்தான் அதிகம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைக்கு, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கோவளத்தில் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. வழியில் ஒற்றை மாடி இருந்தாலும் ஒன்பது மாடி இருந்தாலும் தண்ணீர் ஒன்றுபோலத்தான் நிற்கும். சொல்லப்போனால் அதே மக்கள் தனி வீடாகப் பரவினால் இன்னும் அதிக மண்ணைச் சிமென்ட்டால் மூடுவார்கள். எந்த இடத்தில் கட்டக்கூடாது என்பது முதல் கேள்வி, எத்தனை மாடி என்பது அதற்குப் பிறகுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற) அங்கீகாரம் கிடைத்தது, நல்லது. அதன் பெரும்பகுதியை அதற்கு முன்பே குப்பைமேடும் சாலையும் ஐடி கட்டடமும் தின்றுவிட்டன.

16 அக்டோபர்

"உங்கள் மேற்கு மாம்பலம் மட்டும் எங்கே இருக்கிறதாம்?" சரியான இடத்தில் அடித்துவிட்டீர்கள் அம்மா. தி.நகரும் மாம்பலமும் பழைய ஏரியை வடித்து 1920-களில் மனை போட்ட இடங்கள்தான், லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது, லேக்தான் இல்லை. நான் புகழ்கிற கீழே கடை மேலே வீடு எல்லாம் ஒரு ஏரியின் தலையில் நிற்கிறது. 2015-ல் அங்கேயும் படகு போனது. தி.நகர் முதலில் போடப்பட்டது குடியிருப்புக்காக. உஸ்மான் ரோடு அப்படி ஆகும் என்று யாரும் வரைபடத்தில் போடவில்லை. வீட்டு வாசல் கடையாவதற்குத் தெரு இடம் கொடுத்தது, ஆகிவிட்டது. மேடவாக்கத்து ஸ்டில்ட் நாளைக்குக் கடையாக மாறுமா என்றால், பத்து வீட்டுக்கும் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) இருக்கிற இடத்தில் பத்துக் கையெழுத்து வேண்டும். எங்கள் சங்கத்தில் லிஃப்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பதற்கே பத்துக் கையெழுத்து கிடைத்ததில்லை.

27 அக்டோபர்

மேடவாக்கம் வாசகர் தனி மடலில் கேட்டதை, அவர் அனுமதியோடு இங்கேயே எழுதுகிறேன். அவர் வீட்டுக்கும் பில்டர் வந்துவிட்டாராம், கொடுக்கலாமா என்கிறார். (எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.)

கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கொடுப்பதாக இருந்தால் தனியாகக் கொடுக்காதீர்கள், இடப்பக்கத்து வீட்டுக்காரரையும் பேசிப் பாருங்கள். நான்கு கிரவுண்டு சேர்ந்தால் செட்பேக்கில் (மனை எல்லையை ஒட்டி விட வேண்டிய காலி இடம்) வீணாவது குறையும், கார்களைப் பின்பக்கம் தள்ளிவிட்டுத் தெருவைப் பார்த்து இரண்டு கடை போட இடம் கிடைக்கும். அந்தக் கடைகளை விற்காமல் சங்கத்தின் பெயரில் வைத்து வாடகைக்கு விடச் சொல்லுங்கள், மெயின்டெனன்ஸில் பாதி அதிலேயே வரும். என்ன கடை வரலாம், வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், மாவு மில் வேண்டாம். பத்திரத்தில் முப்பது அடி என்று இருப்பதை நம்பி பிரீமியம் எஃப்எஸ்ஐ (பணம் கட்டி வாங்குகிற அந்த 30 சதவீதம்) கணக்குப் போடுவார்கள், நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள், எதிர் வீட்டுப் படிக்கட்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று தெரியும். போன மழையில் தண்ணீர் சுவரில் எந்த உயரம் வரை நின்றது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? ஜெனரேட்டரும் மின் பெட்டியும் அதற்கு மேலே இருக்க வேண்டும், இதை வாய்மொழியாக விடாதீர்கள், வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அண்ணன் நன்மங்கலத்தாரும் பார்ப்பார், அவர் பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், இவ்வளவு நாள் சொல்லாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.